டேட்டிங் தளத்தில் உங்களுக்கு ‘ஹாய்’ சொன்னது யார்?

கேள்வி இதுதான். ஒருவர் டேட்டிங் தளம் ஒன்றில் இலவசமாகக் கணக்குத் தொடங்குகிறார். இன்னும் படம்கூட ஏற்றவில்லை. அரை மணிக்குள் ஏழு பெண்களிடமிருந்து செய்தி வந்துவிட்டது. திறந்து படிக்க வேண்டுமென்றால் பணம் கட்டச் சொல்கிறது. கட்டினார். ஓரிருவர் நாலு வார்த்தை பேசிவிட்டுக் காணாமல் போனார்கள், மற்றவர்கள் அதுவும் இல்லை. அடுத்த மாதமும் கார்டிலிருந்து பணம் போயிருக்கிறது. “இவர்கள் எல்லாரும் போலியா? எல்லாத் தளமும் இப்படித்தானா? என் பணம் திரும்ப வருமா?” என்று கேட்கிறார்.

போலியாகத்தான் இருக்கும். ஆனால் யார் உண்டாக்கிய போலி என்று பார்க்காமல் அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாது. கார்டுப் பரிவர்த்தனைப் புகார்களைக் கையாளும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் பணம் போகும் பக்கத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

போலி ப்ரொஃபைல் என்றதும் நைஜீரியாக் கும்பல், ராணுவ டாக்டர் வேஷம் என்று வெளியாட்களைத்தான் நினைக்கிறோம். அவர்களும் இருக்கிறார்கள், வருகிறேன். ஆனால் உங்களுக்கு வந்த ஏழு ‘ஹாய்’களில் யாரும் உங்களிடம் பணம் கேட்கவில்லை, கவனித்தீர்களா? பணம் வாங்கியது தளம். ஏலக்கடையில் கடைக்காரரின் ஆளே கூட்டத்தோடு கூட்டமாக நின்று விலையை ஏற்றிவிடுவதுபோல, தளமே உண்டாக்கி உலவவிடும் ஆட்கள் இவர்கள்.

இது ஊகம் இல்லை. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ஜேடிஐ டேட்டிங் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. டேட்டிங் தளம் ஒன்றின் மேல் அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அது. 18 தளங்களை நடத்திவந்த நிறுவனம். இலவசமாகச் சேர்ந்தவுடன், பக்கத்து ஊர்க்காரர்கள் அனுப்பியதுபோலச் செய்திகள் வரும். பதில் போட மாதக் கட்டணம் 10 முதல் 30 டாலர். அனுப்பியவர்கள் கம்பெனியே உருவாக்கிய கற்பனை ஆட்கள். அவர்களுக்கு ‘வர்ச்சுவல் க்யூபிட்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். ப்ரொஃபைலில் அதற்கென்று ஒரு குட்டி அடையாளம் இருந்தது, கண்ணில் படாத அளவுக்கு. கட்டணமும் ஆளைக் கேட்காமல் மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கடைசியில் 6,16,165 டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். உங்கள் கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஊர்ப் பெயரைத் தவிர வித்தியாசம் தெரியாது.

இதைவிடப் பெரியது ஆஷ்லி மேடிசன். திருமணமானவர்கள் ரகசியத் தொடர்பு தேடுவதற்கென்றே நடத்தப்பட்ட டொரண்டோ தளம். பெண்களுக்கு இலவசம், ஆண்கள் ‘கிரெடிட்’ வாங்கித்தான் செய்தி அனுப்ப வேண்டும். 2015 ஜூலையில் ஹேக்கர்கள் உள்ளே புகுந்தார்கள், ஆகஸ்டில் உறுப்பினர் விவரங்கள் மொத்தமும் இணையத்தில் கொட்டப்பட்டன. உலகம் முழுக்க யார் பெயர் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஊடகங்கள் குறியாக இருந்தன. சுவாரசியமான விஷயம் வேறு இடத்தில் இருந்தது. வர்த்தக ஆணையத்தின் புகார்மனுப்படி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 1.9 கோடி ப்ரொஃபைல்கள், அதில் 1.6 கோடி ஆண்களுடையவை. அப்படியென்றால் அந்த ஆண்களிடம் யார் பேசியது? ‘எங்கேஜர்’ என்று கம்பெனிக்குள் அழைக்கப்பட்ட ப்ரொஃபைல்கள். 2014இல் அப்படி 28,417 இருந்தன. மூன்றே மூன்றைத் தவிர எல்லாம் பெண் பெயரில்.

அவற்றைச் செய்த விதம்தான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தளத்தின் பக்கமே வராத பழைய உறுப்பினர்களின் படங்களையும் விவரங்களையும் எடுத்துப் புது ஆட்களை உருவாக்கினார்கள். அதாவது நீங்கள் சலித்துப்போய் விட்டுவிட்டு வந்த கணக்கு, இன்னொருவரை உள்ளே இழுக்கும் தூண்டில்முள்ளாக மாறியிருக்கலாம். ‘19 டாலர் கட்டினால் உன் விவரத்தை முழுவதும் அழித்துவிடுவோம்’ என்று ஒரு சேவையும் விற்றார்கள். கட்டியவர்களின் விவரமும் 12 மாதம் வரை அவர்களிடமே கிடந்தது. முகப்புப் பக்கத்தில் பாதுகாப்புக்கான விருது ஒன்றின் சின்னம் மின்னியது, அப்படி ஒரு விருதை யாரும் கொடுக்கவில்லை. 2016 டிசம்பரில் 1.75 கோடி டாலருக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. ஆனால் கம்பெனிக்குக் கட்ட வக்கில்லை என்பதால் உண்மையில் கைக்கு வந்தது சுமார் 16.5 லட்சம் டாலர்தான்.

சரி, எல்லாத் தளமும் இப்படித்தானா? இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த பெரிய தளங்கள் தாங்களே பொம்மை ஆட்களைச் செய்து விடுவதற்கு அவசியம் குறைவு. அங்கே உண்மையான கூட்டம் இருக்கிறது. அங்கே வேறு விதமான ஒரு வேலை நடக்க வழியிருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள, மேட்ச், டிண்டர் போன்ற தளங்களை நடத்தும் மேட்ச் குரூப் நிறுவனத்தின் வழக்கைப் பார்க்க வேண்டும்.

2019 செப்டம்பரில் அதே ஆணையம் மேட்ச் குரூப்பின் மேல் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு இது: மேட்ச் தளத்தில் யாராவது மோசடிக்காரர் கணக்குத் தொடங்கினால், தளத்தின் மென்பொருளே அதைச் சந்தேகக் கணக்கு என்று குறித்துவிடும். பணம் கட்டிய உறுப்பினருக்கு அந்தக் கணக்கிலிருந்து செய்தி போனால், சரிபார்த்து முடிக்கும்வரை நிறுத்திவைப்பார்கள். ஆனால் பணம் கட்டாத ஆளுக்கு அதே கணக்கிலிருந்து செய்தி போனால், ‘உங்களை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, யாரென்று பார்க்கச் சந்தா கட்டுங்கள்’ என்ற ரீதியில் மின்னஞ்சல் பறந்துவிடும். 2016 ஜூன் முதல் 2018 மே வரை, இப்படி மோசடிக் கணக்கைக் காட்டி வந்த விளம்பரம் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் 4,99,691 பேர் சந்தா கட்டினார்கள் என்று மனுவில் கணக்குக் கொடுத்தார்கள். கட்டி உள்ளே போனவர்களுக்கு இரண்டில் ஒன்று. ஒன்று, மோசடிக்காரரோடு பேச்சு. இல்லாவிட்டால் அதற்குள் கணக்கு நீக்கப்பட்டு, ‘இந்த ப்ரொஃபைல் இப்போது இல்லை’ என்ற பலகை.

கம்பெனி எல்லாவற்றையும் மறுத்தது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அடுத்தவர் எழுதிப் போட்டதற்குத் தளம் பொறுப்பாகாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைக் காட்டி 2022இல் நீதிமன்றம் இந்தப் போலிக் கணக்கு தொடர்பான பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டது. மிஞ்சியது மற்ற குற்றச்சாட்டுகள்: ‘ஆறு மாதத்தில் ஜோடி கிடைக்காவிட்டால் அடுத்த ஆறு மாதம் இலவசம்’ என்ற உத்தரவாதத்தின் பொடி எழுத்து நிபந்தனைகள், சந்தாவை ரத்து செய்யப் பக்கம் பக்கமாக அலையவிட்டது, வங்கியில் புகார் செய்து பணம் கேட்டவர்களின் தளக் கணக்கை முடக்கியது. இவற்றுக்காக 2025 ஆகஸ்டில் 1.4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

ஆக, தளம் தானே போலி செய்து மாட்டிக்கொண்டால் அபராதம். வெளியாள் செய்த போலி வந்து நின்று, அதனால் தளத்துக்குச் சந்தா சேர்ந்தால், சட்டம் தடுமாறுகிறது. நம் ஊரிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இதே மாதிரி ஒரு பாதுகாப்பைத் தளங்களுக்குக் கொடுத்திருக்கிறது. தெரிந்தும் விட்டுவைத்தால் அது போகும், ஆனால் ‘தெரிந்தது’ என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். போலிகளை ஒழிக்கத் தளங்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான விளக்கம் இதுதான்.

இனி உங்கள் திரைக்கு வருவோம். படத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் அறிவுரைகள் பழசாகிவிட்டன. கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினால் முன்பு மாடல் அழகியின் பெயர் வந்து விழும். இப்போது உலகத்திலேயே இல்லாத முகத்தைக் கணினி வரைந்து கொடுக்கிறது, தேடினால் ஒன்றும் வராது. ‘வீடியோ காலில் வரச் சொல்லிப் பார்’ என்பதும் ஆட்டம் கண்டுவிட்டது. வீடியோவில் முகத்தை மாற்றும் டீப்ஃபேக் வித்தையோடு காதல் மோசடி நடத்திய கும்பலில் 27 பேரை 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் பிடித்தது. அவர்கள் சுருட்டியது சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர்.

முகத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். செய்தி எப்போது வருகிறது, அடுத்து எந்தத் திரை திறக்கிறது? பணம் கட்டும் முன் மழையாகப் பொழிந்து, கட்டிய பின் வறண்டுபோனால் அது தளத்தின் கைவேலை. சந்தா முடியப்போகும் வாரத்தில் திடீரென மறுபடி யாரோ ‘மிஸ் யூ’ என்றாலும் அதேதான். படமே போடாத ப்ரொஃபைலுக்கு ‘உங்க ஸ்மைல் ரொம்ப க்யூட்’ என்று வந்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். உங்களுக்கு வந்த ஏழில் அப்படி ஒன்றாவது இருந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் காசு வாங்கும் தளங்கள் இன்னொரு ரகம். அங்கே இயந்திரம் மட்டும் இல்லை, கூலிக்கு ஆள் வைத்தும் பேசவைக்கிறார்கள். ஐரோப்பாவில் ‘சாட் மாடரேட்டர்’ என்ற பெயரில் இதற்கு வெளிப்படையாகவே வேலை விளம்பரம் வரும். ஒரே ஆள் பல பெண்களாகப் பேசுவார், ஷிஃப்ட் முடிந்தால் அடுத்தவர் அதே பெண்ணாகத் தொடர்வார். நேற்று நீங்கள் சொன்ன அம்மாவின் ஆபரேஷன் இன்று அவளுக்கு மறந்துபோயிருக்கும். எதைக் கேட்டாலும் பதில் ஒரு கேள்வியாகத்தான் முடியும், ஏனென்றால் நீங்கள் அடுத்த செய்தியை அனுப்பினால்தான் காசு. “இன்றைக்கு உங்கள் ஊரில் பஸ் ஓடுகிறதா?” என்று சாதாரணமாகக் கேட்டால்கூட “நீ என்னைப் பார்க்க பஸ்ஸில் வருவாயா?” என்று திருப்புவார்கள். கேட்ட விஷயத்துக்கு நேரான பதில் ஒருநாளும் வராது.

தளத்தின் ஆளையும் வெளி மோசடிக்காரரையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி ஒன்று உண்டு. தளத்தின் ஆள் தளத்தை விட்டு வெளியே வரமாட்டார். போன் நம்பர் கேட்டால் ‘இன்னும் கொஞ்சம் பழகிக்கலாமே’. வெளி மோசடிக்காரர் தளத்தில் நிற்கவே மாட்டார். இரண்டாவது நாளே ‘வாட்ஸாப்புக்கு வந்துடுங்க, டெலிகிராம் இருக்கா’. முன்னவருக்கு உங்கள் சந்தா போதும். பின்னவருக்கு உங்கள் சேமிப்பு வேண்டும்.

பின்னவர் ஏற்படுத்தும் சேதத்துக்கு அளவே இல்லை. 2022இல் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடி என்று புகார் கொடுத்தார்கள், இழந்தது 130 கோடி டாலர். புகார் கொடுத்தவர்கள் கணக்கு மட்டும் இது. அன்பாகப் பேசி, மெதுவாகக் கிரிப்டோ முதலீட்டுக்கு இழுத்து, போலிச் செயலியில் லாபம் ஏறுவதுபோலக் காட்டி, எடுக்கப் போனால் ‘வரி கட்டு’ என்று நிற்பது இப்போதைய வழக்கமான பாணி. இதில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பும் இருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இந்த மாதிரி இணைய மோசடிகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அரசுகள் தலையிட்டு மீட்டுவந்தன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. உங்களிடம் ‘சாப்டாச்சா டியர்’ என்று கேட்பவர், அன்றைய இலக்கை முடிக்காததால் சாப்பாடு கிடைக்காத ஆளாக இருக்கலாம். அதற்காகப் பணம் அனுப்பிவிடாதீர்கள், அது அவர் கைக்குப் போகாது.

டெல்லி, மும்பையில் நேரில் நடக்கும் ஒரு வகையும் உண்டு. செயலியில் பழகிய பெண் குறிப்பிட்ட ஒரு கஃபேக்குத்தான் வரச் சொல்வாள், கேட்காத பண்டமெல்லாம் மேஜைக்கு வரும், பாதியில் அவள் கிளம்பிவிடுவாள். பில்லைக் கட்டாமல் நகர முடியாது. 2024இல் டெல்லியில் ஒருவர் சுமார் 1.2 லட்சம் ரூபாய் கட்டிவிட்டு வந்தார். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

டேட்டிங் பக்கமே போகாதவர்களுக்காகத் திருமணத் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசு 2016 ஜூனில் இவற்றுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது: உறுப்பினரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டும், எங்கிருந்து பதிவு செய்தார் என்று காட்டும் ஐ.பி. முகவரியைச் சேமிக்க வேண்டும், இது டேட்டிங் தளம் இல்லை என்று அறிவிக்க வேண்டும் என்றெல்லாம். ஆனாலும் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்களின் ப்ரொஃபைல் அப்படியே தொங்குவதையும், ‘சார், உங்க பொண்ணுக்கு நாற்பது பேர் இன்ட்ரஸ்ட் காட்டியிருக்காங்க, பேக்கேஜ் எடுத்தா நம்பர் பார்க்கலாம்’ என்று அப்பாவுக்கு விற்பனை போன் வருவதையும் பார்க்காத வீடு குறைவு. அந்த நாற்பது பேரும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வயது, மதம், ஊர் எதுவும் பொருந்தாமல் கை தவறித் தட்டியவர்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். கட்டுவதற்கு முன், எண்ணிக்கையை விட்டுவிட்டு, “நாங்கள் கேட்ட நிபந்தனைக்குள் வருபவர்கள் எத்தனை, போன மாதம் தளத்துக்கு வந்தவர்கள் எத்தனை” என்று கேட்கச் சொல்லுங்கள். பேசுபவரின் சுருதி உடனே இறங்கும்.

பணத்துக்கு வருகிறேன். முதலில், செயலியைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. கூகுள் ப்ளே அல்லது ஆப்பிள் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயே சந்தாப் பட்டியலில் போய் ரத்து செய்ய வேண்டும். யூபிஐ ஆட்டோபே என்றால் தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, அதாவது ‘மேண்டேட்’டை, உங்கள் யூபிஐ செயலியில் நீங்களே நீக்கலாம், தளத்தின் தயவு தேவையில்லை. இந்தியக் கார்டுகளில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அதிலேயே விலகிக்கொள்ள வழியும் இருக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறவர்களே அதிகம். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. இல்லாமலே எடுத்துவிடும் என்பதால், வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள்.

வங்கியில் புகார் செய்யும்போது ஒன்றில் கவனம். வெட்கப்பட்டுக்கொண்டு ‘இது நான் செய்த பரிவர்த்தனையே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் சம்பந்தமில்லாத கம்பெனிப் பெயர் இருப்பதால் அப்படிச் சொல்லத் தோன்றும். ஆனால் நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சல், போன், நீங்கள் கட்டிய முதல் தவணை எல்லாவற்றையும் தளம் எடுத்து நீட்டும், புகார் அங்கேயே விழுந்துவிடும். உள்ளதைச் சொல்லுங்கள்: முதல் மாதம் நான்தான் கட்டினேன், சொன்ன சேவை கிடைக்கவில்லை, இரண்டாவது மாதம் என் சம்மதம் இல்லாமல் எடுத்தார்கள். இரண்டாவது மாதப் பணம் திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. முதல் மாதத்துக்குப் போராடலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தளத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து ‘என்டர்டெயின்மென்ட்’, ‘ஃபிக்டிஷியஸ்’, ‘மாடரேட்டர்’ என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். ‘சில ப்ரொஃபைல்கள் பொழுதுபோக்குக்காக எங்களால் நடத்தப்படுபவை’ என்ற பொருளில் வரி இருந்தால் படமெடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யலாம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ என்று 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ‘சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்’ ஒன்று. ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைப்பது அதற்குள் வரும், அந்தப் பெயரையே புகாரில் எழுதுங்கள்.

மோசடிக்காரர் கையில் பணம் போயிருந்தாலோ, வீடியோ காலைப் பதிவு செய்துவைத்து மிரட்டினாலோ, சைபர் குற்ற உதவி எண் 1930தான். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வழி இருக்கிறது. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்து இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டால் அது நாலு கணக்கு தாண்டியிருக்கும். மிரட்டுபவருக்கு ஒரு முறை கொடுத்தால் மறுநாள் மறுபடி கேட்பார். ஆண்கள் ஆண்களைச் சந்திக்கும் செயலிகளில் மாட்டிக்கொண்டவர்கள் போலீஸுக்குப் போகவே நடுங்குகிறார்கள். சம்மதத்தோடு நடக்கும் ஒருபால் உறவு 2018 செப்டம்பர் 6 முதல் இந்தியாவில் குற்றம் இல்லை. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கோபத்தில் இன்றைக்கே கணக்கை அழித்துவிடத் தோன்றும், கொஞ்சம் பொறுங்கள். அழித்தால் அந்த ஏழு செய்திகளும் அவை வந்த நேரமும் சேர்ந்து போய்விடும். முதலில் தேதி, நேரம், ப்ரொஃபைல் பெயர் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அடுத்து சந்தாவை நிறுத்துங்கள், வங்கியில் புகார் எண் வாங்குங்கள். அதற்குப் பிறகு ப்ரொஃபைலில் ஏற்றிய விவரங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுக் கணக்கை மூடுங்கள்.